சோஃபியா அம்மாவின் கராஜும் பூச்சி உருண்டையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காய் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதோடு, எழுதினால் ஒரு பெரிய மனிதரைக் குறைசொல்ல வேண்டிவரும். அவரோ என் மகளின் இழுப்பு வருத்தத்துக்குக் கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து மருந்து தந்தவர். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும். போகப்போகப் பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்டு விழா. மெல்பேர்னின் டார்னெய்ட்டில் மகள் வீட்டில் என் மனைவி பாக்கியம் சூட்கேஸைத் திறந்து தன் கூறைச் சேலையை எடுத்தாள். அறை முழுக்கப் பூச்சி உருண்டை வாசம். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்கு ஓட முடியவில்லை. அந்த வாசம் என்னைப் பிடித்து நாற்பது, ஐம்பது வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று மாலையே கோயிலில் விழா மலரைக் கையில் தந்தார்கள். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: "எமது முதல் வழிபாடு டொக்டர் அவர்களின் இல்லத்தில் பக்தி மணம் கமழ நடைபெற்றது."

பக்தி மணமாம். என்ன மணம் கமழ்ந்தது என்று எனக்கல்லவா தெரியும்!

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மெல்பேர்னுக்கு வந்தோம். கொழும்பில் ஃபிற்றராக இருந்த எனக்கு இங்கேயும் ஒரு தொழிற்சாலையில் அதே வேலை. ஃபுட்ஸ்கிறேயில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நெற்றியில் திருநீறு பூசாமல் நான் வெளியே இறங்கியதில்லை. போர்மன் அதைச் சுவரில் சாய்ந்து பட்ட பெயின்ற் என்று நினைத்து, தினமும் காலையில் ஒரு பழந்துணியை நீட்டுவார். நானும் தினமும் நன்றி சொல்லி வாங்கி, ஸ்பானரைத் துடைப்பேன். அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வருவதில்லை.

அந்தப் பக்கத்தில் நாங்கள் ஆறு தமிழ்க் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிடத்தில் சேர்ந்து தேவாரம் பாட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எங்கள் வீடுகளில் ஆறு பேர் இருந்தால் ஏழாவது ஆள் குளியலறையில்தான் நிற்க வேண்டும். என் மகளுக்கு மருந்து தந்த டொக்டரின் வீடு பெரிது, நகரத்தின் கிழக்குப் பக்கம். நானும் பாக்கியமும் வாழைப்பழச் சீப்போடு ரயிலேறிப் போய்க் கேட்டோம். அவர் கேக் தந்தார். தேத்தண்ணி தந்தார். பிறகு தரையில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தார்.

"காப்பெற் புதுசு ஐசே. கற்பூரப் புகை பிடிச்சா லேசில போகாது. நீர் வேற இடம் பாருமன்."

திரும்பி வரும்போது ரயிலில் பாக்கியம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "பிள்ளையார் வந்தாலும் காலைக் கழுவிப்போட்டு வெளியில நிக்கட்டாம்."

அவளுடைய வாடிய முகத்தை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டவர்தான் சோஃபியா அம்மா. பக்கத்து வீட்டுக் கிரேக்க விதவை. எப்போதும் கறுப்பு உடுப்பு. அவருக்கும் எங்களுக்குமாகச் சேர்த்தால் ஒரு ஆளுக்குப் போதுமான இங்கிலீஷ்தான் இருந்தது. பாக்கியம் கையைக் கூப்பிக் காட்டினாள், புகை மேலே போவதைக் காட்டினாள், காப்பெற்றைக் காட்டினாள். சோஃபியா அம்மா உள்ளே போய்த் தன் கராஜின் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். புருஷன் போனபின் அவருடைய வான் வண்டியை வித்தாயிற்று, சும்மாதான் கிடக்கிறது என்றார்.

ஓயில் கறை போகத் தேய்த்துக் கழுவினோம். கோதுமை மாவில் கோலம் போட்டோம். ஊரிலிருந்து கொண்டுவந்த பிள்ளையார் படத்தை ஒரு பழப்பெட்டியின் மேல் எழுந்தருளப் பண்ணினோம். எல்லாம் சரி, கற்பூரம்தான் தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பொறுப்பு நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மருந்துக்கடையில் வெள்ளை வெளேரென்று உருண்டை உருண்டையாய் ஒரு பக்கற். மோந்து பார்த்தேன். சுள்ளென்று ஏறியது. இதுதான்.

"இது சீலைக்குள்ள போடுறதெல்லோ?" என்று பாக்கியம் கேட்டாள்.

"இஞ்ச கற்பூரத்தை இப்பிடித்தான் உருட்டி விக்கிறாங்கள். உனக்கென்ன தெரியும்" என்றேன்.

பிள்ளையாரப்பா, அந்தப் புகையை எப்படிச் சொல்வேன்! கன்னங்கரேலென்று சுருண்டு எழும்பி, கரித் தும்பாய் எங்கள் தலையில் இறங்கியது. தேவாரம் இரண்டாம் அடியில் இருமலாகிவிட்டது. பிள்ளையாரின் முகம் கறுத்துப்போயிற்று. சோஃபியா அம்மா ஓடிவந்து கதவை அகலத் திறந்தார். தட்டைப் பார்த்தார், மோந்தார், தன் கறுப்புக் கோட்டின் பையைத் தட்டிக் காட்டினார்: அதற்குள் போடுவதையா கொளுத்தினாய்? பாவம் உன் கடவுள், இருமப் போகிறார் என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், தன் மாதா படத்துக்கு முன்னால் புகைக்கும் சிறு கரித்தட்டையும் ஒரு பிடி குங்கிலியத்தையும் கொண்டுவந்தார். ஊர்ச் சாம்பிராணியின் அதே வாசம். பாக்கியம் நின்றபடியே அழுதாள். விளக்குக்கு ஒலிவ் எண்ணெயும் அவருடையதுதான். அப்போது அது மருந்துக்கடையில் காதுக்கு விடுகிற அளவுச் சின்னப் போத்தலில்தான் கிடைக்கும். சோஃபியா அம்மாவிடம் தகர டின்னில் இருந்தது.

எங்கள் முதல் வழிபாடு அதுதான் ஐயா. அந்தக் கராஜில்தான் இரண்டு வருஷம் பாடினோம். சனம் கூடி, பேரும் வரத் தொடங்கிய பிறகு டொக்டர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். காப்பெற்றின் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தது.

இனி அந்த மூன்றாவது காரணம். பல வருஷம் கழித்துக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கமிற்றியில் நானும் ஒருவன், சனம் உட்காரக் கதிரை அடுக்குகிற ஆள். சோஃபியா அம்மாவையும் கூப்பிட வேண்டும் என்றேன். மாடு தின்கிறவள், சிலுவை போட்டவள், இந்த நாளில் எதற்கு என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த கிழமை அவர் வேலியடியில் ஒரு டின் எண்ணெயோடு நின்றார். கோயில் எப்போது திறக்கிறீர்கள், முதல் விளக்குக்கு இது என்றார். கும்பாபிஷேகம் முடிந்து அப்போது நாலு நாள் ஆகியிருந்தது. "இன்னும் இல்லை" என்று பொய் சொல்லி எண்ணெயை வாங்கினேன். வீட்டு விளக்குக்கு ஊற்றினோம். திரி நன்றாகத்தான் எரிந்தது. என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன ஞாயிறு அந்த மலரைத் தூக்கிக்கொண்டு செயலாளர் தம்பியிடம் போனேன். நல்ல பிள்ளை, இங்கே பிறந்தவர்.

"அங்கிள், இட்ஸ் ஒன்லி வன் லைன். கராஜ் எண்டு போட்டா வடிவா இருக்குமா?" என்றார்.

வடிவா இருக்காதாம்! சாமிக்கு வடிவாக இருந்தது. அது போதாதா?

வீடு திரும்பும்போது மருமகனை ஃபுட்ஸ்கிறே பக்கம் காரை விடச் சொன்னேன். பலகை வீடு இல்லை. வேலி இல்லை. கராஜ் நின்ற இடத்தில் மாடிக் குடியிருப்பு. வாசலில் வரிசையாய்க் கடிதப் பெட்டிகள். நாங்கள் வீடு மாறிய பிறகு சோஃபியா அம்மா எப்போது போனார் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. எனக்கும் பாக்கியத்துக்கும் பிறகு அந்தப் பெயரைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

அதனால்தான் கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்வீர்களானால் அப்படியே சொல்லுங்கள். நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லுங்கள். கராஜை இல்லம் ஆக்காதீர்கள். சோஃபியா அம்மாவை "ஓர் அன்பர்" ஆக்காதீர்கள். பூச்சி உருண்டையைத் தயவுசெய்து கற்பூரம் ஆக்கிவிடாதீர்கள்.