வழுக்கும் சட்டை வழக்கு

லோட்டி விஷ்னெஃப்ஸ்கி இருபத்திரண்டு வருஷமாக அமெரிக்காவின் ஈரி நகரத்து ஃபுட்பால் அணியின் சட்டைகளைத் துவைத்து வந்தாள். ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டமில்லை. முட்டை மாதிரிப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை, சட்டையைப் பிடித்தாவது இழுத்துச் சாய்க்கிற ஆட்டம். லோட்டி அதை ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. யார் மண்ணில் புரண்டான், யார் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான் என்பதைத் திங்கட்கிழமை காலை கூடையில் விழும் துணியே சொல்லிவிடும்.

அந்த வருஷம் அக்டோபரில் ரோட்ரிக் பெட்டவே அவளைத் தேடி வந்தான். அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான். அலபாமாக்காரன். கதவை அடைத்துக்கொண்டு நின்று, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். வரிவரியாகச் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் களிம்பு கொடுத்தாராம், கேட்கவில்லையாம். துணிதான் உறுத்துகிறது என்பது அவன் சந்தேகம்.

லோட்டி அன்றிலிருந்து துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னரை இரண்டு மூடிக்குப் பதில் நான்கு மூடி ஊற்றினாள். அவன் சட்டையை மட்டும் தனியாகப் போட்டு எடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஐம்பத்து மூன்று பேர் சட்டையும் ஒரே தண்ணீரில் ஊறின. பெட்டவேயின் வயிறு ஆறியது.

அதே சமயம், பதினோரு வருஷமாகத் தோற்பதையே தொழிலாக வைத்திருந்த அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஜெயிக்கிறபோது யாரும் கேட்பதில்லை. ஜனவரியில் டொலீடோ அணியைப் பனியில் புரட்டி எடுத்த பிறகுதான் கேள்வி வந்தது. தோற்ற அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் மைக்கின் முன்னால், "அந்த பெட்டவேயப் புடிச்சா கையில மீனைப் புடிச்ச மாதிரி நழுவுறான். சட்டையில என்னத்தையோ தடவியிருக்கானுங்க," என்றான்.

மறுநாள் நாடே பற்றிக்கொண்டது. டி.வி.யில் கோட்டு சூட்டு போட்ட நிபுணர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்துக் காட்டினார்கள். டொலீடோ இருக்கும் ஒஹையோ மாநிலத்து அரசியல்வாதி ஒருவர் ஆற்றில் விஷம் கலந்ததற்குக்கூடத் திறக்காத வாயை இதற்குத் திறந்தார். ஈரி கடைகளில் சாஃப்ட்னர் ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை. பள்ளிக்கூட அணிகள் அள்ளிக்கொண்டு போயிருந்தன.

ஆட்டங்களை நடத்தும் லீக் அமைப்பு, தோர்ன்டைக் என்ற பெரிய வக்கீலை விசாரணைக்கு அமர்த்தியது. அவர் நான்கு உதவியாளர்களோடு வந்து, லோட்டியை ஒரு நீளமான மேஜையின் கடைசியில் உட்கார வைத்தார். உண்மையைப் பிடுங்க மூன்று நாள் ஒதுக்கியிருந்தார். அவளோ முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டாள்.

"ஆமா, நான்தான் ஊத்தினேன்."

"யார் சொல்லி ஊத்தினீங்க?"

"யாரும் சொல்லல. அவனுக்கு அரிச்சுது."

வக்கீலின் முகம் வாடிவிட்டது. இத்தனை பெரிய விசாரணைக்கு இத்தனை சின்ன அரிப்பா? அவர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சாமான் வாங்கும் ஆளுக்கு நவம்பரில் லோட்டி அனுப்பிய செய்தி: "ஊதா சமாச்சாரம் தீர்ந்துபோச்சு, பசங்க பாவம், சீக்கிரம் அனுப்பு."

"இந்த ஊதா சமாச்சாரம்ங்கிறது என்ன, மேடம்?"

"பாட்டில் ஊதா கலருங்க."

நான்கு உதவியாளர்களும் எழுதிக்கொண்டார்கள். 'சாட்சி, ரகசியச் சொல்லை விளக்க மறுத்தார்' என்று அது பின்னால் அச்சில் வந்தது.

அறிக்கை இருநூற்று முப்பத்தொரு பக்கம். ரப்பர் கை பொருத்திய இயந்திரம் ஒன்றைச் செய்து, ஒரு பேராசிரியர் நானூறு தடவை சட்டையைப் பிடித்து இழுத்திருந்தார். சாஃப்ட்னரின் வழுக்கலைவிட வேர்வையின் வழுக்கல் ஆறு மடங்கு அதிகம் என்று எழுபதாம் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். ஆட்டத்தில் அதனால் எந்த மாற்றமும் நேரவில்லை. ஆனாலும் சதி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தச் சதியின் கையாள் திருமதி விஷ்னெஃப்ஸ்கி. முடிவு அதுதான்.

அணியின் மேலாளர் ஹோல்கம் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, முழுப் பொறுப்பையும் தானே ஏற்பதாகச் சொன்னார். ஏற்றுக்கொண்டு, லோட்டியை வேலையிலிருந்து நிறுத்தினார்.

கையாள் என்ற அந்தச் சொல் அவளைத் தைத்தது. வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால், கணவன் யூஜினின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட இல்லாத பூரிப்பு. பார்க்கிற இடமெல்லாம் அவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்ல இருக்கோம். எங்கிட்டகூட மூச்சு விடல பாரு நீ. கெட்டிக்காரிடி," என்றான்.

"யூஜின், அவனுக்கு அரிச்சுதுய்யா."

"சரி சரி. அப்படியே சொல்லிக்கிட்டு இரு," என்று கண்ணடித்தான்.

பாவமன்னிப்பு கேட்கப் போன இடத்தில் பாதிரியாரும் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரலைத் தாழ்த்தி, எந்த பிராண்ட் என்று விசாரித்தார்.

ஒரே ஒரு ஆளால்தான் உண்மையைச் சொல்ல முடியும். அவன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தான். லோட்டி கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரியான பீரோகியை வெண்ணெயில் பொரித்து அவன் முன்னால் வைக்கவும் செய்தாள். பெட்டவே பதினான்கு சாப்பிட்டுவிட்டுத் தலை குனிந்தான். உள்ளாடை விளம்பரம் ஒன்றுக்கு அவனை ஒப்பந்தம் செய்திருக்கிறார்களாம். அரிப்பு என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டானாம்.

"நூத்தம்பது கிலோ ஆளுங்க மோதினாலும் பயப்படல. இதுக்குப் பயமா இருக்கும்மா," என்றான்.

லோட்டி எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

ஏப்ரலில் இன்னொருவர் வாசலில் வந்து நின்றார். ஷ்ரோடர் என்று பெயர். டொலீடோ அணியின் ஆள். நேர்மை, விளையாட்டின் புனிதம் என்று ஜனவரி முழுக்க டி.வி.யில் முழங்கியவர் அவர்தான். இரட்டிப்புச் சம்பளம், ஏரியைப் பார்த்த வீடு, டொலீடோவுக்கு வந்துவிட வேண்டும் என்றார். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், இங்கே எப்படித் துவைத்தாளோ அப்படியே துவைத்தால் போதும்.

"உங்க பசங்களுக்கு அரிக்குதா?" என்று கேட்டாள் லோட்டி.

ஷ்ரோடர் கொஞ்சம் யோசித்தார். "வரவழைச்சிக்கலாம்."

அவள் கதவைச் சாத்தினாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் கொஞ்ச நேரம் அழுதாள்.

செப்டம்பரில் புது ஆட்டக்காலம் ஆரம்பித்தது. ஈரி முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. பந்து வீசுகிறவனுக்குத் தோள் எலும்பு பிசகியிருந்தது. எக்ஸ்ரே படமே பேப்பரில் வந்தது. அதை ஊர் நம்பவில்லை. லோட்டி போனாள், ராசி போச்சு என்று அரங்கத்தில் அட்டை தூக்கினார்கள். ஆறாவது வாரம் ஹோல்கமே பூங்கொத்தோடு வந்தார். நடந்ததெல்லாம் ஒரு தவறான புரிதல் என்றார்.

"வர்றேன். ஆனா பெட்டவே மைக் முன்னாடி நின்னு நடந்ததச் சொல்லணும்," என்றாள் அவள்.

விளம்பரம் அதற்குள் வந்து ஓடி முடிந்திருந்ததால் ஏஜென்ட் தடுக்கவில்லை. பெட்டவே சட்டையைத் தூக்கிக் காட்டி, எங்கெங்கே அரித்தது, எத்தனை நாள் அரித்தது, யார் அதைப் போக்கினாள் என்று ஒன்று விடாமல் சொன்னான். அன்று சாயங்காலமே டி.வி. நிபுணர்கள் ஏகமனதாக முடிவுக்கு வந்தார்கள்: ஒரு கிழவிக்காக இப்படிப் பொய் சொல்கிறானே, என்ன விசுவாசம். அவன் அம்மா ஒருத்திதான் நம்பினாள். அலபாமாவிலிருந்து போன் செய்து, முதலிலேயே ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று திட்டினாள்.

லோட்டி வேலைக்குத் திரும்பினாள். லீக் இப்போது ஒவ்வொரு அணியின் துவைக்கும் அறைக்கும் ஒரு கண்காணிப்பாளரை அனுப்புகிறது. ஈரிக்கு வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. டை கட்டி, அளவுக் குப்பியோடு இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் லோட்டி பொறுத்துப் பார்த்தாள். இரண்டாவது வாரம், "சும்மாதானே இருக்கீங்க ஐயா," என்று துவைத்த துண்டுகள் நிறைந்த கூடையை அவர் மடியில் வைத்தாள். அவர் நன்றாகவே மடிக்கிறார். ஓரம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.