மெமரியில் ஒட்டிய பொட்டு

பழைய குட்டிக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். தூசி வாசனைக்கு நடுவே சிவப்பாக ஸ்டிக்கர் பொட்டுகள். அம்மா ஒட்டியவை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீரனூரில் அப்பாவும் அம்மாவும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார்கள். பழுதானவற்றைப் பிரித்து, ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டி ஓட்டுவார்கள். வேலை செய்கிற பாகத்தில் அம்மா தன் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டிவிடுவாள். பொட்டில்லாதது குப்பைக்குப் போகும்.

அப்பாவின் காரியத்தன்று அத்தை அம்மாவின் பொட்டை எடுத்துவிட்டாள். வழக்கமாம். நான் ஓடிப்போய் ஒரு கம்ப்யூட்டரின் மெமரி அட்டையிலிருந்த பொட்டை உரித்துவந்து அம்மாவின் நெற்றியில் அழுத்தினேன்.

"அம்மாவத் தூக்கிப் போட்றாதீங்க அத்தை, இன்னும் நல்லா ஓடும்!"

பசை காய்ந்த பொட்டு நிற்கவில்லை. விழ விழ எடுத்து அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இதோ, அந்த மெமரி. பசைத் தடம் மட்டும் இருக்கிறது.