விரிக்காத இரண்டு கட்டில்கள்

தேர்தலில் ஜெயித்துக் கவுன்சிலரான பிறகும் ஊர் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டது. வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? பாதி ஆயுளை நகரசபை ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில் கழித்தவள். ஊரில் இருமியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் வேலைக்குச் சேரும் நர்ஸுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஜன்னலோரம் இருக்கும் இரண்டு கட்டில்களில் விரிப்பை விரிக்கக் கூடாது. நாலாக மடித்துக் கால்மாட்டில் வைத்து, அதன்மேல் தலையணையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அவை போன் கட்டில்கள். கவுன்சிலரோ அவருக்கு மேலே உள்ளவரோ போன் செய்தால்தான் அந்த விரிப்பு விரியும். வராந்தா பெஞ்சில் டோக்கனோடு எத்தனை பேர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, மடிப்பு கலையாது. நர்ஸம்மாவும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் மடித்தாள். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும்.

ஒரு நாள் பெஞ்சில் இருந்த லாரி டிரைவர் ஒருவர், உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். எதிரே கண்ணாடிக் கதவு. காலியாகக் கிடந்த இரண்டு கட்டில்களையும் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பார். நர்ஸம்மா விறுவிறுவென்று உள்ளே போய் விரிப்பைப் பிரித்தாள். பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமே படவில்லை.

"இது நான் போட்ட சட்டமில்ல சிஸ்டர். மேல போய் மாத்திட்டு வாங்க, நான் சந்தோஷமா விரிக்கிறேன்."

அது அவள் மண்டைக்குள் புகுந்துகொண்டது. வேலையை உதறிவிட்டுத் தேர்தலில் நின்றாள். வெல்டிங் பட்டறை வைத்திருந்த வீட்டுக்காரர், "உனக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு. ஆனா நல்ல கிறுக்கு" என்று சொல்லிவிட்டு அவளுக்காகத் தட்டி கட்டினார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாக அவளோடு நடந்தார். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: முதலில் வந்தவருக்கு முதல் கட்டில். ஜனங்கள் கைதட்டினார்கள், ஓட்டையும் போட்டார்கள்.

ஜெயித்த மறுநாள் அதே ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்க மாமாவுக்கு ஒரு போன் போடுங்கம்மா."

"வரிசைப்படி வரட்டும்னுதானே எனக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"அது ஊருக்கும்மா. இது எங்க மாமா."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன் மட்டும் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பேச்சை நிறுத்திக்கொண்டாள். சொந்தச் சித்தப்பா, "பதவி வந்ததும் திமிரைப் பாரு" என்று காதில் விழும்படியே சொன்னார்.

சபையில் தீர்மானம் கொண்டுவந்தாள். யாருமே எதிர்க்கவில்லை, அதுதான் வேடிக்கை. "அருமையான யோசனை" என்று தலைவர் ஒரு குழுவைப் போட்டார். குழு கூடியது, டீ குடித்தது, கலைந்தது. மறுபடியும் கூடியது, மறுபடியும் டீ. மனசில் இருந்ததைச் சொன்னவர் கடைவீதிக் கவுன்சிலர் ஒருவர்தான். ஜவுளி வியாபாரி, கெட்டவர் இல்லை.

"என் கையில என்னக்கா இருக்கு? ரோடு போட முடியுதா? குழாயில தண்ணி விட முடியுதா? எல்லாம் மேலேருந்து வரணும். என்னால ஆகுறது ஒரு போன். மூச்சுத் திணறி ஒருத்தன் ஓடி வர்றான், நான் போன் போடுறேன், பொழைச்சுக்கிறான். சாகுற வரைக்கும் என்னை மறக்கமாட்டான். அதையும் பிடுங்கிட்டா நான் எதுக்கு? நாற்காலியைத் தேய்க்கவா?"

அவர் சொன்னதில் பொய் இல்லாததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விடவில்லை, மாசக்கணக்காக அவர் பின்னாலேயே அலைந்தாள். கடைசியில் அவரே இறங்கி வந்தார். "நீங்க ஒருத்தர்தான் இதுவரைக்கும் ஒரு போன்கூட போடாதவங்க. அந்த மரியாதைக்காக வெள்ளிக்கிழமை கை தூக்குறேன், போங்க." அவர் கை தூக்கினால் அவர் பின்னால் நாலு கை உயரும். தீர்மானம் நிறைவேறிவிடும்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் பட்டறையில் சுருண்டு விழுந்தார். காலமெல்லாம் வெல்டிங் புகை குடித்த நுரையீரல்.

நர்ஸம்மா டோக்கன் வாங்கிக்கொண்டு அவரை அதே பெஞ்சில் உட்கார வைத்தாள். அங்கே அவர்களுக்கு முன்னாலேயே இஸ்திரிக்காரர் தன் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் இழுப்பு.

"அடுத்த கட்டில் எங்களுக்குக்கா, அதுக்கடுத்தது அண்ணனுக்கு. நாளைக்கு எல்லாம் சரியாயிடும், பயப்படாதீங்க" என்று அவர்தான் அவளுக்குத் தைரியம் சொன்னார்.

எந்தக் கட்டிலும் காலியாக இல்லை, ஜன்னலோரம் மடித்து வைத்த இரண்டைத் தவிர. எதற்கும் ஒரு நக்கல் அடிக்கும் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவே இல்லை. உதடு நீலம் பாரித்தது. அவள் பையிலிருந்து போனை எடுத்தாள், உள்ளே வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று தனக்குத்தானே முனகிக்கொண்டாள். பொறுக்க முடியாமல், வேறு வார்டில் ஆக்ஸிஜன் சிலிண்டராவது கிடைக்குமா என்று கேட்க ஓடினாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பக்கத்தில் நின்றார். அவள் டிபன் டப்பாவில் பங்கு வாங்கித் தின்று வளர்ந்த மனுஷன்.

"யாரு போன் போட்டா?" என்றாள்.

"யாரும் போடலக்கா" என்றாள் வார்டு சிஸ்டர். "நீங்க கேக்கமாட்டீங்கன்னு தெரியும். அதான் கேக்காமலே செஞ்சோம். போன் வந்ததா நோட்டுல உங்க பேர்லயே எழுதிட்டேன்."

இறக்கு என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. தன்னை அவள் அவ்வளவு வெறுத்த நிமிஷம் வேறில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இஸ்திரிக்காரர் வந்தார். முகத்தில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"இன்னொரு கட்டில் இருக்குல்லக்கா? எங்களுக்கும் ஒரு போன் போடுங்கக்கா."

அவள் சிஸ்டரிடம் திரும்பி, "விரிச்சு விடு" என்றாள்.

"போன் வரட்டும்க்கா. அண்ணன்னா நாங்க சமாளிச்சுக்குவோம். வெளியாளுக்குச் செஞ்சா என் வேலை போயிடும்."

நர்ஸம்மா அங்கேயே நின்று போன் போட்டாள். எதிரே மேஜையில் மணி அடித்தது. அவளைப் பார்த்துக்கொண்டே சிஸ்டர் எடுத்தாள்.

"நெஞ்சுநோய் வார்டு."

"நான்... கவுன்சிலர் பேசுறேன்."

"சொல்லுங்கம்மா" என்று சிஸ்டர் மரியாதையாகச் சொன்னாள். விரிப்பு விரிந்தது. பெஞ்சில் மிச்சமிருந்தவர்களும் எழுந்து, டோக்கன்களை நீட்டிக்கொண்டு அவளைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு விரிக்கக் கட்டில் இல்லை.

இஸ்திரிக்காரர் மனைவி விடியற்காலையில் இறந்துபோனாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இஸ்திரிக்காரர் நர்ஸம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பெஞ்சில போகவிடலக்கா நீங்க. கட்டில்ல படுத்துப் போனா. இந்த உதவிய நான் மறக்கமாட்டேன்."

அன்று சபை கூடியதும் கடைவீதிக் கவுன்சிலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்க்கா?" என்று விசாரித்தார். உள்ளன்போடுதான் கேட்டார். தீர்மானம் வந்தபோது அவர் கை தூக்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. அது மறுபடியும் குழுவுக்குப் போனது.

வீட்டுக்காரருக்கு ஒருவழியாக உடம்பு தேறியது. வீட்டுக்குப் போகிற அன்று கட்டிலிலிருந்து இறங்கி நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "கவுன்சிலரம்மா, ஆட்டோவுக்கும் போன்தானா?" என்று பழைய நக்கலைத் தொடங்கினார். அவள் மருந்துகளைப் பையில் போட்டாள், துண்டைப் போட்டாள், டம்ளரைப் போட்டாள்.

"கை இன்னும் மறக்கலையேக்கா" என்று சிஸ்டர் சிரித்தாள்.

நர்ஸம்மா குனிந்து பார்த்தாள். விரிப்பு நாலாக மடிந்து கால்மாட்டில் இருந்தது. அதன்மேல் தலையணை கவிழ்ந்திருந்தது. எப்போது செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஒருவர் மூச்சு வாங்கியபடி அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு விரிப்பைப் பிரிக்கப் போனாள்.

"போன் வந்திருக்காக்கா?" என்று கேட்டாள் சிஸ்டர்.