மயிலுக்கு நடுவே ஒரு பாதை

பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் நிலையம் வைத்திருக்கும் ஜீவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அதற்காக அவர் ஒரு நாளும் முகத்தைத் தொங்கப்போட்டவர் இல்லை. யாராவது கேட்காமல் கையைப் பிடித்து இழுத்தால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். காஜாங் வீட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கற்களின் மேட்டைக் காலாலும் கைத்தடியாலும் தடவிக்கொண்டே கடை வரைக்கும் தனியாக நடப்பார். அந்த நடைதான் அவருடைய ராஜாங்கம்.

ஆனால் அந்த ராஜாங்கத்தில் ஆக்கிரமிப்பு அதிகம். மஞ்சள் கல்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும், பூ வாளி நிற்கும், சாப்பாட்டுக்கடை கேஸ் சிலிண்டரும் நிற்கும். போன மாதம் ஒரு மோட்டாரில் இடறி விழுந்து முட்டி கிழிந்தது. மனைவி ஷாமினி சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் தினமும் காரில்தான் போக வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஜீவன் மனு எழுதிக்கொண்டு அலையவில்லை. கடை கடையாக ஏறி, கைத்தடியை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கடை வாசலைக் கடந்து காட்டுங்கள் என்றார். சாப்பாட்டுக்கடை முகமது யூசுப் சிரித்துக்கொண்டே புறப்பட்டு, தன் சொந்த சிலிண்டரிலேயே காலை இடித்துக்கொண்டார். அன்று மாலையே சிலிண்டர் உள்ளே போனது. பூக்கடை வீரம்மா வாளிகளைச் சுவரோரம் ஒதுக்கினார். மோட்டார் நிறுத்த வந்தவர்களைக் கடைக்காரர்களே விரட்டினார்கள். தெருவுக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

மிடுக்கு வந்தால் சும்மா இருப்பார்களா? தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சுத்தமாகக் கிடந்த நடைபாதையை அடைத்து, வர்ண அரிசியில் பெரிய மயில் கோலம் போட்டார் வீரம்மா. முதுகு ஒடிய ஒரு காலைப்பொழுது முழுக்க உழைத்த கோலம்.

ஜீவன் அன்று ஷாமினிக்குத் தெருவைப் பெருமையாகக் காட்ட அழைத்து வந்திருந்தார். முன்னால் அவர், பின்னால் அவள். கைத்தடி கோலத்தை நெருங்கியதும் நாலு பக்கமிருந்தும் குரல்கள் பறந்தன, கோலத்தை மிதித்துவிடாதீர்கள் என்று. நல்ல மனுஷன், மரியாதையாக ஒதுங்கினார். ஒதுங்கிய கால் இறங்கியது ரோட்டில். உணவு கொண்டு போகும் மோட்டார் ஒன்று பிரேக் அடித்து, அவர் சட்டைக் கையை உரசிக்கொண்டு நின்றது.

ஷாமினி கார் கூப்பிடப் போனை எடுத்தாள். அதைத் தட்டும் சத்தம் ஜீவன் காதில் விழுந்தது. அவருக்குப் பயம் மோட்டாரால் இல்லை, அந்தப் போனால்.

“கோலம் அழகாத்தான் இருக்கும்,” என்றார். “ஆனா அது எங்கே முடியுதுன்னு எனக்குத் தெரியாதுலா. ரோட்டுலதான் இறங்கணும்.”

வீரம்மா போய் விளக்குமாற்றை எடுத்து வந்து, மஞ்சள் கல் நெடுகக் கழுத்திலிருந்து தோகை வரை ஒரே இழுப்பாகக் கூட்டினார். கூட்டும்போது அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

“இப்ப போங்க தம்பி. மயிலு ரெண்டா போனா போவுது. நீங்க முழுசா போய்ச் சேரணும்.”

ஜீவன் மயிலுக்கு நடுவே நிமிர்ந்து நடந்தார். ஷாமினி போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். கையைப் பிடிக்கவில்லை.