ஓடையைத் தேடிப் போன வகுப்பு

கனகலதா டீச்சர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் கிணற்று நீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பிறகு அந்தத் துணியை அதே கிணற்று நீரில் அலசிவிடுவார்கள், ஒட்டியிருக்கும் சிறு உயிர்கள் சாகக்கூடாது என்று. அதனால் தண்ணீரைப் பார்த்தால் அதற்குள் என்ன உயிர் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம்.

திருவண்ணாமலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவர் அறிவியல் எடுத்தார். எட்டாம் வகுப்பில் நீர்ப்பிடிப்புப் பகுதி பற்றிய பாடம் வந்தபோது புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை மைதானத்தில் களிமண்ணால் மலை கட்டச் சொன்னார். உச்சியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியதும் அது சரிவில் வழி தேடி இறங்கி, பள்ளத்தில் ஏரியாகத் தேங்கியது.

"நம்ம மலையில பெய்யுற தண்ணி எங்க மிஸ் போவுது?" என்று கேட்டாள் கவிநிலா. அப்பா மணிவேல் ஆட்டோ ஓட்டினார், அம்மா தனம் பூ கட்டி விற்றாள்.

"ஓடையில இறங்கி, ஏரி ஏரியா ரொம்பி, கடைசியில ஆத்துக்குப் போவணும். போவுதான்னு நாமளே பாத்துடலாம்."

சனிக்கிழமை ஆளுக்கொரு டீ வடிகட்டியோடு பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குப் போனார்கள். எங்கே அள்ளினாலும் சாக்கடைச் சேற்றில் நெளியும் சிவப்புப் புழுதான் சிக்கியது. காற்றில்லாத அழுக்குத் தண்ணீரில் அது மட்டும்தான் பிழைக்கும் என்றார் டீச்சர். அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஓடையோடு மேலே நடந்தார்கள். ஒரு பெரிய லாட்ஜின் மதில் ஓடையை மறித்துக் கட்டப்பட்டிருந்தது. மதிலடியில் நீட்டிக்கொண்டிருந்த தடித்த குழாயிலிருந்து கழிவு நீர் கொட்டியது. மதிலைச் சுற்றி மறுபக்கம் போனால், மலையிலிருந்து வந்த நீர் தெளிவாகத் தேங்கிக் கிடந்தது. அங்கே வடிகட்டியில், சுத்தமான நீரில் வளரும் தட்டான்பூச்சிக் குஞ்சுகள் ஏறின.

வகுப்புக்குத் திரும்பியதும் பெரிய அட்டையில் ஓடையை வரைந்தார்கள். கவிநிலாவுக்குப் படம் நன்றாக வரும். மதிலையும் குழாயையும் வரைந்தவள் சற்று நிறுத்தினாள். மதிலுக்குக் கீழே, ஓடைக் கரையை ஒட்டினாற்போல் இருந்த வீடுகளில் அவளுடையதும் ஒன்று.

"எங்க வீட்டையும் போடணுமா மிஸ்? வேணாமே."

"இருக்கறதெல்லாம் போடணும்மா. அதுதான் அறிவியல்."

அவள் போட்டாள்.

மாவட்டக் கண்காட்சியில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. பார்க்க வந்த ஓர் அதிகாரி வெகு நேரம் நின்று விளக்கம் கேட்டார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் பூரித்துப் போனார்கள். மதிலை இடிக்கப் போகிறார்கள் என்று பள்ளி முழுவதும் பேச்சு.

பொங்கல் முடிந்து ஜேசிபி வந்தது. சேதி கேட்டு டீச்சர் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடினார். அதற்குள் கரையோர வீடுகள் பாதி இடிந்திருந்தன. தனம் சமையல் பாத்திரங்களை ஒரு சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மதில் அப்படியே நின்றது.

"மொதல்ல அதை இல்ல சார் எடுக்கணும்?" என்று, கண்காட்சியில் படம் எடுத்த அதிகாரி அங்கே நிற்பதைக் கண்டு அவரிடமே கேட்டார் டீச்சர்.

"லாட்ஜ்காரங்க கோர்ட்ல தடை வாங்கிட்டாங்க மேடம். இவங்ககிட்ட பட்டா இல்ல. ஓடைப் புறம்போக்கு." அவர் சலிக்காமல் சொன்னார். "உங்க பசங்க படம் ரொம்ப உதவியா இருந்தது. ஒரு வீடு விடாம போட்டிருக்காங்க."



அதன்பின் டீச்சர் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் மனுவோடு கலெக்டர் அலுவலகத்தில் நின்றார். ஒரு வக்கீலைப் பிடித்தார். லாட்ஜ் வழக்கு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இடித்த இடத்தில் மண்ணைக் கொட்டிச் சமன் செய்தார்கள். பௌர்ணமிக்கு வரும் வேன்கள் அங்கே நிற்க ஆரம்பித்தன. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "வேணாம் டீச்சர், இன்னும் எதனா ஆயிடப் போவுது" என்றார். டீச்சரும் விட்டுவிட்டார்.

கவிநிலா பள்ளிக்கு வருவது நின்றுபோயிருந்தது. ஊருக்கு வெளியே, பஸ் போகாத ஒரு மேட்டில் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். டீச்சர் ஒரு நாள் ஆட்டோ பிடித்துப் போனார். தகரக் கொட்டகை வாசலில் தனம் எழுந்து நின்றாள்.

"உங்க மேல கோவம் இல்லங்க டீச்சர். நல்லதுக்குத்தான் சொல்லிக் குடுத்தீங்க." பாயை எடுத்து விரித்தபடி, "வீட்டப் போட வேணாம்னு கேட்டாளாமே," என்றாள்.

டீச்சர் குனிந்து கொட்டகைக்குள் போனார். உள்ளே கவிநிலா பூ கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இங்கிருந்தே போய்வர ஒரு பள்ளிக்கூடம் பார்க்கிறேன் என்றார். அவள் நிமிரவில்லை.

"அந்தச் சொவுரு இன்னும் இருக்குதா மிஸ்?"

"இருக்கும்மா."

அவள் தலையசைத்துவிட்டு நாரை எடுத்து அடுத்த சரத்தைத் தொடங்கினாள்.

அடுத்த ஜூனில் கனகலதா டீச்சர் அறிவியல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்குப் பாடத்துக்கு மாறிக்கொண்டார்.