செல்லசாமி பாஸ் கழற்றிய எஞ்சின்

கினிகத்தேனையில் கராஜ் வைத்திருக்கும் செல்லசாமிக்கு லொறி ஓட்டுகிறவர்களைக் கண்டாலே இளக்காரம். லொறி முதலாளிகள் அவர்களைவிட மட்டம். மற்ற மெக்கானிக்குகளைப் பற்றி அவர் ஆரம்பித்தால், பக்கத்துக் கடைக்காரர்கள் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்து, முப்பது வருஷமாக டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர். தன் கை பட்ட எஞ்சின் திரும்பி வராது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்ததும் அவரேதான்.

வலப்பனை மரக்கறி வியாபாரி நஸாரின் லொறியை ஒரு காலையில் கட்டி இழுத்து வந்தார்கள். கொழும்பிலிருந்து அரிசி ஏற்றி வரும்போது கித்துல்கல ஏற்றத்தில் நின்றுவிட்டதாம்.

"எப்ப இருந்து சத்தம்?" என்று டிரைவர் பிரதாப்பிடம் செல்லசாமி கேட்டார்.

"அவிசாவளைக்கிட்டயே லேசா டொக்கு டொக்குன்னுச்சுங்க. ஏறிரும்னு நெனச்சேன்."

"ஒனக்குக் காது எதுக்கு, கண்ணாடி மாட்டவா? ஒயில் லைட்டும் எரிஞ்சிருக்குமே?"

பிரதாப் தலையைக் குனிந்தான். "வயர் கோளாறுன்னு நெனச்சிட்டேங்க."

மத்தியானம் நஸார் வந்தார். "பாஸ், உருளக்கெழங்கு கிண்டுற நேரம். கெட்ட பெயாரிங்க மட்டும் மாத்தி விடுங்க. மத்தத பொறகு பாக்கலாம்."

"புண்ணு மேல சட்டையப் போட்டா ஆறிருமா மொதலாளி? தொறந்து பாத்துட்டுத்தான் சொல்வேன்."

நஸார் சாப்பிடப் போனதும் செல்லசாமி எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றினார். ஒயிலில் உலோகத் தூள் மின்னியது. மூன்றாவது பெயாரிங் உருகி, அது தாங்கிச் சுழலவிடும் கிராங்கோடு ஒட்டியிருந்தது. அது ஒன்றுதான் என்றால் நஸார் சொன்னதே போதும். மற்றவற்றையும் கழற்றினார். எல்லாவற்றிலும் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். ஒயில் ஏறாமல் ஓடிய எஞ்சின்.

ஏன் ஏறவில்லை? ஒயில் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பசை சுருண்டு அதை அடைத்திருந்தது. அடித்தட்டை மூடும்போது பூசுகிற பசை. அளவுக்கு மேல் பூசினால் பிதுங்கி உள்ளே விழும். போன தையில் இந்த எஞ்சினுக்கு இதே கராஜில்தான் வேலை நடந்தது; அதற்குப் பிறகு இந்தத் தட்டை வேறு யாரும் தொடவில்லை. அன்று மூடியவர் அவர்தான்.

பிரதாப் வெளியே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பசையைச் சாக்கடைக் கானில் வீசினால் போதும். பழியை அவன் ஏற்கெனவே சுமந்துவிட்டான். செல்லசாமி அதை வீசாமல் ஒரு துணியில் எடுத்து வைத்தார். ஊரையெல்லாம் காறித் துப்பிய வாய்க்கு இன்று தன் மூஞ்சிதான் கிடைத்தது.

நஸார் திரும்பியதும் இருவரையும் கூப்பிட்டுப் பசையைக் காட்டினார். "இது என் கை வேல. லைட்டு எரிஞ்சதும் நிப்பாட்டியிருந்தா ஒரு பெயாரிங்கோட போயிருக்கும். அது இவன் தப்பு. மத்ததெல்லாம் என் தப்பு."

நஸார் பசையை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். "முப்பது வருஷம்னு பீத்திக்குவீங்களே பாஸ்," என்றார். "இப்ப என்ன செய்றது?"

"ஒரு பெயாரிங் போட்டா ஹட்டன் தாண்டாது. முழுசா எறக்கணும். கிராங்க கடையணும், பெயாரிங், லைனர், பிஸ்டன் எல்லாம் புதுசு போடணும். எனக்குக் கூலி வேணாம்."

மூன்று வாரம் ஆயிற்று. அடித்தட்டை மூடும்போது பசையை இரண்டு தடவை துடைத்துவிட்டு மூன்றாம் தடவைதான் பூசினார். பிரதாப் பக்கத்தில் நின்று, "பாத்துப் பூசுங்க பாஸ்," என்று சிரித்தான். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

அடுத்த சர்வீசுக்கு நஸார் லொறியை ஹட்டனில் வேறொரு கராஜுக்குக் கொண்டுபோனார். சுத்தியல் தவிர வேறொன்றும் தெரியாத பயல்கள் அங்கே. செல்லசாமி அப்படித்தான் நினைத்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை.