விசாவுக்காகப் பெருமை பேசப் பழகிய வாரம்

எங்கள் குடியிருப்பின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒஸ்லோவுக்கு வந்து பியோர்ண்டாலில் குடியேறிய புதிதில் அங்கே நின்ற ஒரு நோர்வேஜியப் பெண்மணியிடம், "உங்கள் கம்பளிச் சட்டை மிகவும் அழகு" என்றேன். அவர் குனிந்து தன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆமாம், நானே பின்னினேன். நன்றாக வந்திருக்கிறது. நன்றி" என்றார். எங்கள் ஊர் திருகோணமலையில் ஒருத்தியிடம் சேலை வடிவாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, இது பழசு, சும்மா சுத்திக்கொண்டு வந்தனான்" என்பாள், அதன் விலைச்சீட்டைக் காலையில்தான் கிழித்திருந்தாலும். இப்படியும் ஒரு நாடா என்று அன்று முழுக்கச் சிரித்தேன்.

நான் நடனத்துக்குப் பாடுகிறவள். வதனி அக்கா இங்கே பரதநாட்டியம் கற்பிக்கிறார். அவருடைய மாணவிகளின் அரங்கேற்றங்களுக்குப் பாடத்தான் என்னை ஊரிலிருந்து கூப்பிட்டார். இந்த வருடம் என் வதிவிட அனுமதி முடிகிறது. தொடர்ந்து இருக்க வேண்டுமானால் நான் சாதாரணப் பாடகி அல்ல, விசேட ஆற்றல் உள்ளவள் என்று நிரூபிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குப் போக மனமில்லை. இந்தப் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் சண்டை பிடித்துவிட்டு, என் குரலைக் கேட்டதும் தமிழில் யசோதையாகிற அழகை விட்டுவிட்டு எங்கே போவது?

குடிவரவு அலுவலகத்தில் என்னை விசாரித்த அதிகாரி மிகவும் மரியாதையானவர். ஆங்கிலத்தில் முதல் கேள்வியே, "நீங்கள் திறமையான பாடகியா?" என்பதுதான். என் கைகள் என்னைக் கேளாமலே இரண்டு காதுகளையும் தொட்டன. "இல்லை இல்லை, நான் இன்னும் மாணவிதான். படிக்க எவ்வளவோ இருக்கிறது" என்றேன். சின்ன வயதிலிருந்து மேடைக்கு மேடை சொல்லிப் பழகிய பதில். நான் பார்த்த பாடகர்கள் எல்லோரும், தலை நரைத்தவர்கள் உட்பட, அதைத்தான் சொல்வார்கள். சொல்லாவிட்டால்தான் சபை முகம் சுளிக்கும்.

அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "அப்படியா? எந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள்?"

"கல்லூரியில் இல்லை. பொதுவாகச் சொன்னேன்."

"மாணவர்களுக்கு வேறு பிரிவு இருக்கிறது. நீங்கள் பிழையான பிரிவில் விண்ணப்பித்திருக்கிறீர்கள்போல் தெரிகிறது" என்றார் கவலையோடு. நான் விளக்க விளக்க அவருக்குக் குழப்பம் கூடியது. கடைசியில், அடுத்த வாரம் மறுபடி வாருங்கள், உங்கள் திறமையைக் காட்ட ஏதாவது கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

நடந்ததைக் கேட்டதும் வதனி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடியேய், அங்கை போய் அடக்கம் காட்டினனியோ? அதையெல்லாம் கோயிலிலை வைச்சிரு!" என்றவர், மறுநாளே என்னை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு கோப்பிக் கடையில் எதிரே உட்காரவைத்துப் பயிற்சி தொடங்கியது.

"சொல்லு. நான் மிகச் சிறந்த பாடகி."

"நான் ஒரு... பரவாயில்லாத பாடகி."

"பரவாயில்லாத ஆளுக்கு விசா தரமாட்டாங்கள். திருப்பிச் சொல்லு."

"அக்கா, உங்கட மாணவியள் நல்லா ஆடுறதாலைதான் என்ரை பாட்டு..."

"ஆரடி இப்ப அவையைப் பற்றிக் கேட்டது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் கோப்பைகளோடு இடம் மாறினார்கள். தமிழில் முடியவே முடியாது என்று தெரிந்ததும் நோர்வேஜிய மொழியில் முயன்றேன். "யாய் ஆர் வெல்டி ஃப்ளிங்க்." நான் மிகவும் கெட்டிக்காரி. என்ன ஆச்சரியம், நாக்கு கூசவேயில்லை! வேறு யாரோ ஒரு கெட்டிக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்த சிக்கல் சான்று. அரங்கேற்ற வீடியோக்களைத் தேடினோம். நம்முடைய அப்பாமார் தங்கள் மகளைத் தவிர மேடையில் வேறொன்றையும் படம் பிடிப்பதில்லை. நான் பாடிய நிகழ்ச்சிகளின் வீடியோக்களில் என் தலைமயிர்கூட இல்லை. ஒரேயொரு வீடியோவில் என் முழங்கை இருந்தது. வர்ணம் என்ற நீண்ட நடனத்தின் நடுவில் ஒரு பிள்ளையின் சலங்கை அவிழ்ந்து அவள் உள்ளே ஓடிவிட, பதறிப்போன தகப்பனின் கமரா தடுமாறி என் பக்கம் திரும்பியதால் கிடைத்த பாக்கியம் அது.

அதையே கொண்டுபோனேன். அதிகாரியிடம் அந்த நோர்வேஜிய வசனத்தைத் தடங்கல் இல்லாமல் சொன்னேன். அவர் புன்னகைத்து, "சரி, அது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். வீடியோவைப் போட்டேன். வெறும் மேடை, ஒரு முழங்கை, பின்னால் "ஐயோ, ஐயோ" என்று ஒரு தகப்பன். என் குரல் பாட்டின் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக வளைத்துப் பாடிக்கொண்டே இருந்தது. தாளம் பிசகவில்லை. பிள்ளை சலங்கையைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, சரியான இடத்தில் காலை வைத்தாள். சபை அவளுக்குக் கைதட்டியது.

அதிகாரி மறுபடி போடச் சொன்னார். "அவள் திரும்பி வரும்வரை நீங்கள் பாட்டை நீட்டினீர்களா? எழுதிவைக்காமலா?"

"ஆமாம்."

"நீங்கள் நீட்டியது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்ததா?"

"தெரியக்கூடாது. அதுதான் என் வேலை."

சொன்ன பிறகுதான் விளங்கியது, அது தற்பெருமைதான். அதுவும் என் சொந்த வாயால், கூச்சமே இல்லாமல்.

அனுமதி கிடைத்துவிட்டது. செய்தி வந்தபோது பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். அத்தனை அந்நியர்களுக்கு நடுவே துள்ளிக் குதித்துவிட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்காதது இந்த நாட்டின் பெரிய வசதி. உடனே திருகோணமலைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, விசா கிடைச்சிட்டுது! நான் விசேட திறமை உள்ள பாடகி எண்டு நோர்வே அரசாங்கமே சொல்லிப்போட்டுது!"

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சந்தோசம் பிள்ளை. ஆனா இஞ்சை வந்து அப்படிச் சொல்லிப்போடாதை. எங்கட ரோட்டிலையே உன்னைவிட நல்லாப் பாடுற ரெண்டு பேர் இருக்கினம்" என்றார்.

அது உண்மைதான். அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். பஸ் வந்தது. நோர்வேயின் விசேட பாடகியும் எங்கள் ரோட்டின் மூன்றாவது பாடகியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே போனோம்.